கூட்டுக்குருவிக்கும் ஓர் இரவு வேண்டும்



சென்ற தவணை தரம் 7 வகுப்பில் ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், எங்கட லவ் பேர்ட்ஸ் தன்ட செட்டையத் தானே கொத்திப் பிடுங்குது. என்ன செய்ற?"

கூடு எங்கே இருக்கிறது என்று கேட்டோம். "ஹோல்ல, டீவிக்குப் பக்கத்துல." டீவி எத்தனை மணிக்கு ஓஃப் ஆகும்? "வாப்பா பன்னிரண்டு மணிக்கு ஓஃப் பண்ணுவார். மெட்ச் இருந்தா இன்னும் சுணங்கும்." காலையில் ஹோல் லைட்டை யார் போடுவது? "உம்மா தஹஜ்ஜுதுக்கு எழும்புவாங்க. நாலு மணிக்குப் போட்டுருவாங்க."

வகுப்பே கணக்குப் போட்டது. நான்கு மணித்தியாலம். மெட்ச் நாட்களில் அதுவும் இல்லை.

பிள்ளை முகம் வாடிப்போய்ச் சொன்னான்: "தீன், தண்ணி எல்லாம் நேரத்துக்கு வைக்கிறோம் சேர்." அவன் சொன்னது உண்மைதான். அவன் கவனமான பிள்ளை. தீனும் தண்ணீரும் அவனுடைய பட்டியலில் இருந்தன. இரவு இருக்கவில்லை. நம்மில் பலரின் பட்டியலிலும் அது இல்லை. அது ஏன் என்று தேடிப் பார்த்தபோது கிடைத்த சரித்திரத்தைத்தான் இன்று ஊராருடன் பகிர்ந்துகொள்கிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

கூட்டுப் பறவை பற்றி நம் மார்க்க வரலாற்றில் பேச்சு வந்தால் முதலில் நினைவுக்கு வருவது மதீனாவின் ஒரு சிறுவன். அனஸ் (ரலி) அவர்களின் தாய்வழித் தம்பி, அபூ உமைர். அவர் ஒரு சின்னக் குருவி வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். நுகைர் என்று அதற்குப் பெயர். அது இறந்துபோனது. கவலையோடு இருந்த பிள்ளையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவரைப் பெரிய மனிதர்களைக் கூப்பிடுவது போல "அபூ" என்று அழைத்து, குருவிக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்தச் சம்பவம் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, அதன் பிறகு நடந்தது. பயன் இல்லாத செய்திகளையெல்லாம் ஹதீஸ்காரர்கள் அறிவிக்கிறார்கள் என்று பிற்காலத்தில் சிலர் குறை சொன்னபோது, அதற்கு உதாரணமாக எடுத்தது இந்தக் குருவிச் சம்பவத்தைத்தான். ஒரு பிள்ளையின் குருவியில் என்ன சட்டம் இருக்கப்போகிறது என்பது அவர்களுடைய கேள்வி. அதற்குப் பதிலாக இப்னுல் காஸ் என்ற அறிஞர் ஒரு சிறு நூலே எழுதினார். அந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக் காட்டினார். ஹிஜ்ரி 335இல் மறைந்த அவர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர், அதாவது இந்த நாட்டில் நம் மூதாதையர் பின்பற்றி வந்த அதே மத்ஹபு. பிள்ளைகள் குருவியோடு விளையாடலாம், பறவையைக் கூட்டில் வைக்கலாம் என்பவையும் அந்தப் பயன்களில் அடங்கும்.

அதே மத்ஹபின் இன்னோர் அறிஞரான அல் கஃப்பாலிடம் கேள்வி இன்னும் நேராகவே வந்தது. குரலைக் கேட்பதற்காகப் பறவைகளைக் கூட்டில் அடைத்து வைக்கலாமா? அவர் கூடும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அதற்குத் தேவையானவற்றை உரிமையாளர் கவனித்துக் கொடுக்க வேண்டும். கட்டி வைத்த கால்நடை எப்படியோ, அடைத்து வைத்த பறவையும் அப்படித்தான். தானாகப் போய்த் தேடிக்கொள்ள முடியாததால், தேடிக் கொடுப்பது அடைத்தவரின் கடமையாகிறது.

ஹிஜ்ரி 660இல், அதாவது கி.பி. 1262இல், மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள் மனிதன்மீது மிருகங்களுக்குள்ள உரிமைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்கள். அது முதுமையடைந்து, நோயுற்று, அதனால் நமக்குப் பயனில்லாமல் போனாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும். சக்திக்கு மீறிச் சுமத்தக் கூடாது. அதைத் துன்புறுத்தும் இன்னொன்றோடு சேர்த்து அடைக்கக் கூடாது. அது தங்கும் இடத்தையும் தண்ணீர் குடிக்கும் இடத்தையும் நல்லதாக அமைத்துக் கொடுக்க வேண்டும். எழுநூற்றைம்பது வருடங்களுக்கு முந்திய பட்டியல் இது.

இந்தப் பட்டியலிலும் இரவு என்று தனியாக ஒன்று இல்லை. இருக்க வேண்டிய அவசியம் அப்போது இருக்கவில்லை. மஃரிப் ஆனால் உலகமே இருட்டியது. விளக்கெண்ணெய் காசு கொடுத்து வாங்கும் பொருள். தூங்கப் போகும்போது விளக்கை அணைக்கும்படி நபிமொழியும் இருந்தது, வீடு தீப்பிடித்துவிடும் என்ற காரணத்தோடு. ஆகவே கூட்டில் இருந்த குருவிக்கு இரவை யாரும் கொடுக்கத் தேவைப்படவில்லை. அல்லாஹ் இரவைப் போர்வையாகவும் தூக்கத்தை ஓய்வாகவும் ஆக்கியதாக நாம் ஓதும் சூரா நபஉ சொல்கிறது. அந்தப் போர்வை மனிதனுக்கும் குருவிக்கும் ஒன்றாகத்தான் இறங்கியது.

உலகத்தின் எல்லாப் பகுதிகளிலும் மனிதன் அந்தப் போர்வையைத் தொடாமல் விட்டுவிட்டான் என்று சொல்ல முடியாது. பறவையின் இரவைத் தன் விருப்பத்துக்கு நீட்டியும் குறைத்தும் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

ஜப்பானில் உகுயிசு என்ற சின்னப் பறவை வசந்த காலத்தில்தான் பாடும். அதைப் புத்தாண்டுக் குளிரிலேயே பாடவைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இலையுதிர் காலத்திலிருந்து ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்த பிறகு கூட்டுக்கருகில் சில மணித்தியாலங்கள் விளக்கு வைப்பார்கள். நாள் நீண்டுவிட்டது, வசந்தம் வந்துவிட்டது என்று பறவையின் உடல் ஏமாந்துபோகும். நடுக்குளிரில் பாடத் தொடங்கும். யோகாய் என்று அதற்குப் பெயர். இரவில் வளர்ப்பது என்பது அதன் பொருள்.

ஒல்லாந்தரின் நாட்டில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். அங்குள்ள பறவை பிடிப்பவர்கள், வசந்தம் முடியும் காலத்தில் குருவிகளை இருட்டறையில் போட்டு, கோடை முழுவதும் இருட்டிலேயே வைத்திருப்பார்கள். பறவைக் கூட்டங்கள் வலசை போகும் இலையுதிர் காலத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார்கள். அது வசந்தம் என்று நினைத்துப் பாடும். பாட்டைக் கேட்டு இறங்கும் கூட்டம் வலையில் விழும். பக்கத்தில் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் குருவிப் பாட்டுப் போட்டிகள் நடந்தன. பறவையின் கவனம் சிதறக் கூடாது என்று சூட்டுக் கம்பியால் கண்ணைக் கெடுத்த கொடுமையும் அங்கே இருந்தது. முதலாம் உலகப் போரில் கண்ணை இழந்த படைவீரர்களே அதற்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். 1920ஆம் ஆண்டளவில் அது தடைசெய்யப்பட்டது. இருட்டு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விளக்கு வைத்தால் பாடும் என்பது இவர்கள் எல்லோருக்கும் அனுபவத்தில் தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதைச் சோதித்துப் பார்த்தவர் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ரோவன். 1924இன் குளிர்காலத்தில், தெற்கே வலசை போகும் ஜுங்கோ என்ற சிறு குருவிகளைப் பிடித்து, உறைபனியில் வெளியே கூடுகளில் வைத்தார். ஒரு பகுதிக்கு மின்குமிழ் போட்டு, ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் பிந்தி அணைத்துவந்தார். வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, அந்தக் குருவிகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்த காலத்தில் போல வளர்ந்துவிட்டன. வெளிச்சம் போடாத குருவிகளில் அந்த மாற்றம் இல்லை. கடுங்குளிரும் அதைத் தடுக்கவில்லை. நாளின் நீளம்தான் பறவையின் உடலுக்குக் கட்டளை கொடுக்கிறது என்பது அங்கே துலங்கியது.

ரோவன் பிறகு லண்டன் நகரத்து மைனா இனப் பறவைகளையும் பார்த்தார். நகரின் நடுவில், விளக்கும் வாகன இரைச்சலும் ஓயாத இடத்தில் அடையும் அந்தப் பறவைகளின் உடலிலும் பருவம் முந்தி வந்திருந்தது. இரவில் அவை விழித்திருக்க நேர்வதே காரணம் என்று 1938இல் எழுதினார். அங்கே யாரும் அந்தப் பறவைகளைப் பிடித்துச் சோதனை விளக்கு போடவில்லை. மனிதர்கள் தங்கள் வசதிக்காகப் போட்ட தெருவிளக்குகள்தான். நம் ஹோல் லைட்டும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இன்னொரு செய்தி நம்மை மிகவும் யோசிக்க வைத்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் பெனுவா என்பவர் 1930களில் தாராக்களில் ஆராய்ந்து, பறவை கண்ணால் மட்டும் வெளிச்சத்தை அறிவதில்லை என்று கண்டார். தலையின் தோலையும் மெல்லிய மண்டையோட்டையும் ஊடுருவி வெளிச்சம் மூளைக்கே போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் மெனேக்கர் என்பவர் 1960களின் பிற்பகுதியில், நம் கூரைகளில் கூடு கட்டுகிற அதே சிட்டுக்குருவியில் இதை உறுதிப்படுத்தினார். பார்வையில்லாத குருவியும் நாளின் நீளத்தை அறிந்தது. தலைத்தோலுக்குக் கீழே கறுப்பு மை ஏற்றி வெளிச்சத்தை மறைத்தபோது அந்த உணர்வு மங்கியது. இந்தச் சோதனைகளில் பறவைகள் பட்ட பாடு மனதுக்குக் கஷ்டமானதுதான். ஆனால் அவற்றிலிருந்து தெரிந்துகொண்டதை அலட்சியம் செய்வது அதைவிடப் பெரிய வீண்.

"லைட் எரிஞ்சாலும் அது கண்ண மூடிக்கொண்டு தூங்குதுதானே" என்று நாம் சொல்வதுண்டு. கண் மூடியிருக்கும், உண்மை. ஆனால் பகல் இன்னும் முடியவில்லை என்று வெளிச்சம் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

தூக்கத்தில் பறவைக்கு என்ன நடக்கிறது என்பதும் அண்மையில்தான் தெரியவந்தது. வரிசையாக உறங்கும் தாராக்களில் ஓரத்தில் இருப்பது, வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணைத் திறந்துவைத்து, மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிட்டுக் காவல் காக்கிறது என்று 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆபத்து இருக்குமென்று நினைக்கும் பறவை முழுத் தூக்கம் தூங்காது. நம் ஹோலில் ஆட்கள் நடமாட, பூனை எட்டிப் பார்க்க, டீவியில் சத்தம் வெடிக்க, கூட்டுப் பறவைக்கு எப்படி நிம்மதி வரும்?

2000ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இன்னொன்று கண்டார்கள். ஸீப்ரா பின்ச் என்ற சிறு குருவி பகலில் பாடும்போது மூளையில் எந்த ஒழுங்கில் நரம்புகள் இயங்குகின்றனவோ, இரவில் தூங்கும்போதும் அதே ஒழுங்கு மீண்டும் தோன்றுகிறது. பகலில் ஓதியதை இரவில் மீட்டிப் பார்க்கும் ஹிப்ழு மாணவனைப் போல. அந்தக் குரலைக் கேட்கத்தான் நாம் குருவி வளர்க்கிறோம். குரலைச் செப்பனிடும் நேரத்தை நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி வாங்குவதில் பெரும்பாலானவை அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வெளிகளைச் சேர்ந்த பட்ஜெரிகார் கிளிகள். ஜோன் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் 1840இல் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகுதான் உலகமெங்கும் பரவின. உண்மையான லவ் பேர்ட் இனங்கள் ஆபிரிக்காவைச் சேர்ந்தவை. கொக்கட்டீலும் அவுஸ்திரேலியாதான். இவையெல்லாம் பொழுது பட்டால் அடைந்து, வெளுத்தால் எழும்பும் பறவைகள். நம் நாட்டில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். எந்த மாதமும் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம் பகல், பன்னிரண்டு மணித்தியாலம் இரவு. கூட்டுப் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான நாடு தேடினாலும் கிடைக்காது. நாம்தான் அதைக் குழப்பிவிட்டோம்.

1950இல் லக்ஸபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் நம் போன்ற எத்தனையோ ஊர்களுக்குக் கரண்ட் வர இன்னும் பல வருடங்கள் எடுத்தன. நம் உம்மும்மாக்கள் குப்பி லாம்பிலும் அரிக்கன் லாம்பிலும்தான் பிள்ளை வளர்த்தார்கள். இஷா தொழுது சாப்பிட்டால் லாம்பு அணையும். அந்தக் காலத்துக் கூட்டுப் பறவைக்கும் கோழிக்கும் தூக்கக் குறை இருந்திருக்காது. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்கள் நினைவிருக்கிறதா? நாம் விசிறியில்லாமல் புரண்டோம். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் பட்ட பாடு பெரும் பாடு. ஊரில் அந்த இரவுகளில் நன்றாகத் தூங்கியது கூட்டுக் குருவிகள் மட்டும்தான்.

வெளிச்சம் பறவையை என்ன செய்யும் என்பது நம்மில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். லேயர் கோழிக்குப் பதினாறு மணித்தியாலம் வரை வெளிச்சம் கொடுப்பது முட்டைக்காகத்தான். அதே வேலையை ஹோல் லைட் நம் பெட்டைக் கிளியில் செய்கிறது. அது ஓயாமல் முட்டையிடும். உடலில் கல்சியம் குறையும். முட்டை சிக்கிச் சாகவும் கூடும். தூக்கம் குறைந்த பறவை எரிச்சலடையும், கடிக்கும், கத்திக்கொண்டே இருக்கும். சில பறவைகள் தம் இறகைத் தாமே பிடுங்கும். இறகு பிடுங்குவதற்கு நோய், பூச்சி, தனிமை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆகவே மிருக வைத்தியரிடம் காட்டுவது அவசியம். ஆனால் தூக்கத்தைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் கொடுப்பது போதாது.

செய்ய வேண்டியவை செலவில்லாதவை. இத்தகைய பறவைகளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணித்தியாலம் இருட்டும் அமைதியும் வேண்டும். மஃரிப் பாங்கை அதற்கு மணியாக வைத்துக்கொள்ளலாம். இஷாவுக்கு முன் கூட்டை டீவி இல்லாத, ஆள் நடமாட்டம் குறைந்த அறைக்கு மாற்றுங்கள். அறை இல்லாவிட்டால் பழைய பருத்திச் சாறனால் மூடுங்கள். நம் வெக்கைக்கு ஒரு பக்கம் காற்றோட்டத்துக்குத் திறந்திருக்க வேண்டும். பொலித்தீன் வேண்டாம். துணி வெளிச்சத்தைத்தான் மறைக்கும், சத்தத்தை மறைக்காது என்பதையும் மறக்க வேண்டாம். கூட்டுக்குக் கீழே நுளம்புச்சுருள் கொளுத்தவே கூடாது. பறவையின் சுவாசம் மிக மென்மையானது. நுளம்பு வலையால் கூட்டைப் போர்த்திவிடலாம். பூனையும் எலியும் பாம்பும் எட்டாத உயரத்தில் கூடு இருக்கட்டும்.

கொக்கட்டீல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அவை இருட்டில் திடீரென்று பயந்து கூட்டில் மோதிக் காயப்படும் பழக்கமுள்ளவை. அவற்றுக்கு மட்டும் தூரத்தில் மிக மங்கலான ஒரு சிறு விளக்கு இருக்கலாம். இரவில் கூட்டருகே போனால் முதலில் மெதுவாகப் பேசிவிட்டுப் போங்கள்.

ஆரோக்கியமான பறவை இறகை லேசாக உப்பி, ஒற்றைக்காலில் நின்று, தலையை முதுகுப் பக்கம் திருப்பித் தூங்கும். பகலெல்லாம் உப்பிக்கொண்டு கூட்டின் தரையில் குந்தியிருந்தால் அது தூக்கமல்ல, நோய். தாமதிக்க வேண்டாம்.

ரமழானில் தராவீஹ் முடிந்து வர இரவாகும், ஸஹருக்கு எழும்ப லைட் போடத்தான் வேண்டும். அந்த மாதம் முழுவதும் கூடு பின்னறையில் இருக்கட்டும். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் என்றால் அன்று ஒரு நாளுக்கு உறவுக்காரர் வீட்டில் விட்டுவிடலாம்.

இங்கே பேசியதெல்லாம் கூட்டிலேயே பிறந்து விற்பனைக்கு வரும் பறவைகளைப் பற்றி. காட்டுக் கிளியையும் மைனாவையும் பொந்திலிருந்து எடுத்து வளர்ப்பது வேறு விடயம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டுப் பறவைகளைப் பாதுகாக்கிறது. குஞ்சுகளை எடுத்தபோது தாய்ப்பறவை பதறிச் சிறகடித்ததைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபிமொழியும் நமக்கு இருக்கிறது.

அல் கஃப்பால் போட்ட நிபந்தனை இன்றும் அதேதான்: தேவையானதைக் கவனித்துக் கொடுக்க வேண்டும். அவருடைய காலத்தில் இரவு தானாக வந்தது. இன்று அது சுவரில் இருக்கும் சுவிட்ச்சில் இருக்கிறது. அந்த சுவிட்ச்சுக்குக் குருவியின் அலகு எட்டாது, நம் கை எட்டும். ஆகவே தீனும் தண்ணீரும் எப்படி நம் பொறுப்போ, இரவும் நம் பொறுப்பாகிவிட்டது.

அந்த மாணவன் கூட்டை உம்மும்மாவின் அறைக்கு மாற்றியிருக்கிறான். உம்மும்மா இஷா தொழுததும் லைட்டை அணைத்துவிடுவாராம். இறகு பிடுங்கிய இடம் இன்னும் முழுதாக மூடவில்லை. மிருக வைத்தியரிடமும் காட்டியிருக்கிறார்கள். போன கிழமை வந்து சொன்னான்: "சேர், இப்ப கத்துறது குறைவு. விடிய நாங்க எழும்பினதுக்குப் பிறகுதான் எழும்புது."

இன்றிரவு டீவியை ஓஃப் பண்ணும் முன் ஒரு தடவை உங்கள் வீட்டுக் கூட்டையும் பாருங்கள். அதன் தலைக்கு மேல் என்ன எரிந்துகொண்டிருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். சுவிட்ச்சை அவர்களே அணைக்கட்டும்.